இழுப்பறையில் கிடந்த இரண்டு நாள்

பொறாமை எனக்குக் கொஞ்சம் அதிகம். சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடச் சொல்லிவிடுகிறோம். இதைச் சொல்லத்தான் வாய் வருவதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். ஆனால் கண்டதற்கெல்லாம் வருகிற பொறாமை இல்லை. எவள் நகை வாங்கினால் எனக்கென்ன, எவள் மாடி எழுப்பினால் எனக்கென்ன. எனக்குத் தாங்காதது ஒன்றே ஒன்றுதான். இன்னொருத்தியின் புருஷன் வேலை பார்க்கும் கப்பல் தூத்துக்குடிக்கு வருவது.

இதை வைத்துக்கொண்டு நான் பார்க்கிற வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பத்தொன்பது வருஷமாகக் கப்பல் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். கப்பல் வருமுன் போக வேண்டிய காகிதம், வந்தபின் போக வேண்டிய காகிதம் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். அதில் ஒரு சின்ன வேலை, குடும்பப் பாஸ். வருகிற கப்பலில் நம் பக்கத்து ஆள் யாராவது இருந்தால், அவர் மனைவி பிள்ளைகள் துறைமுகத்துக்குள் போய், கப்பலில் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம். கேப்டன் சம்மதித்து மெயில் அனுப்ப வேண்டும். ஆதார் நகல், கல்யாணச் சான்று நகல், எங்கள் அலுவலகக் கடிதம் வேண்டும். இன்று கொடுத்தால் நாளை மறுநாள் பாஸ் வரும்.

எங்கெங்கிருந்தோ பெண்கள் வருவார்கள். தலை நிறையப் பூ, ஒரு தூக்கில் மீன்குழம்பு, ஒரு டப்பாவில் மக்ரூன். என் எதிரில் உட்கார்ந்து, “அக்கா, கப்பல் ஏணில ஏறும்போது ஆடுமாக்கா?” என்று கேட்பார்கள். ஏறியிருந்தால்தானே எனக்குத் தெரியும்? “கெட்டியாப் புடிச்சிக்கிட்டா ஒண்ணும் ஆவாது” என்று அனுபவசாலி மாதிரி சொல்லி அனுப்புவேன். அவர்கள் போன பிறகு பத்து நிமிஷம் என் முகத்தில் யாரும் முழிக்கக் கூடாது. அலுவலகத்தில் எல்லாருக்கும் இது தெரியும்.

என் வீட்டுக்காரரும் கப்பல்காரர்தான். என்ஜின் அறையில் ஃபிட்டர். நான் சொல்லப்போகிற காரியம் நடந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம், அதற்குள் அவர் பார்க்காத துறைமுகம் குறைவு. தூத்துக்குடிக்கு மட்டும் அவர் கப்பல் அதுவரை வந்ததே இல்லை. ஒரு தடவை கொழும்பு வரை வந்தது. கொழும்பு! நம் வீட்டு ரேடியோவில் பாட்டுக் கேட்கிற தூரம். வந்து இரண்டு நாள் நின்றுவிட்டு மேற்கே போய்விட்டது. அந்தக் கோபத்தில் அவரிடம் ஒரு வாரம் போனில் பேசவில்லை. என்னவோ அவர்தான் கப்பலைத் திருப்பிவிட்டது போல.

எங்கள் காம்பவுண்டில் நான்கு வீடுகள். அடுத்த வீட்டுக்கு ஒருத்தி கல்யாணமாகி வந்தாள், அப்போது இருபத்துமூன்று வயதிருக்கும். அவள் மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் மேல்தள ஆள். என்னை “மதினி, மதினி” என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே சுற்றுவாள். நல்ல பிள்ளைதான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவன் அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை போன் போடுவான். குரலைப் பதிவு செய்தும் அனுப்புவான். மாடியில் துணி காயப்போடும்போது அதைச் சத்தமாகப் போட்டுக் கேட்பாள். “சாப்பிட்டியா தங்கம், கால் வீக்கம் கொறஞ்சுதா?” என்று அவன் குரல் நான்கு வீட்டுக்கும் கேட்கும். என்னவர் போன் போட்டால் வானிலை அறிக்கை போல இருக்கும். இங்கே மழை, அங்கே மழையா, பிள்ளை படிக்கிறாளா, வைக்கட்டுமா. அவள் துணி காயப்போட வருகிற நேரம் தெரிந்துகொண்டு நான் மாடிக்குப் போவதை நிறுத்தினேன்.

அவளுக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது அவன் கப்பலுக்குப் போக வேண்டியதாயிற்று. பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் அவள் தாய்க்கு அடுத்தபடியாக அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கியது நான்தான். அவன் போனில் பார்த்தான். ஞானஸ்நானத்தைக்கூட அவன் வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள்.

பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனபோது ஒரு திங்கட்கிழமை காலை அவள் என் வீட்டுக்குள் ஓடி வந்தாள். நான் குசினியில் இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“மதினி! அவிய கப்பல் நம்ம ஊருக்கு வந்திருக்கு! ராத்திரியே உள்ள கெட்டிட்டாவளாம். மொதல்ல வேற ஊருன்னுதான் சொன்னாவ, கடைசி நேரத்துல மாத்திட்டாவ. உங்க ஆபீஸ்தான் ஏஜென்டாம் மதினி!”

ஞாயிறு லீவில் இருந்த எனக்கே அது புதுச் செய்தி. கையில் ஆதார் நகல், கல்யாணச் சான்று நகல் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் உண்மையாகவே வந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

“மதினி, உங்கட்ட அந்த மாம்பழக் கலர் சேலை இருக்குல்லா. ஒரு நாளைக்குத் தாங்க மதினி. எனக்குப் பிள்ள பெத்த பெறகு கருப்பு ஜாக்கெட்டத் தவிர ஒண்ணும் சேரல, அந்தச் சேலைக்கின்னா அது ஒத்துப்போவும்.”

அந்தச் சேலை ஆறு வருஷமாக என் அலமாரியில் இருந்தது. ஒரு தடவைகூட உடுத்தவில்லை. எதற்காக எடுத்து வைத்திருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை, என் மகளிடம்கூட. என் வீட்டுக்காரர் கப்பல் தூத்துக்குடிக்கு வருகிற அன்று உடுத்த வேண்டும் என்று வாங்கியது. அவளுக்கு அது எப்படித் தெரியும்? கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன். “ஒனக்கு நல்லா இருக்கும்ளா” என்றேன்.

அலுவலகத்துக்கு வந்தேன். கேப்டனின் மெயில் வந்திருந்தது. அந்தக் கப்பலில் இரண்டு பேருக்குக் குடும்பப் பாஸ் கேட்டிருந்தார்கள். ஒருவன் அடுத்த வீட்டுக்காரன். இன்னொருவர் கப்பல் சமையல்காரர், பெரியதாழை ஊர்க்காரர். அவர் மனைவி போனில் பேசி, எல்லா நகலையும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள். ஒரே கப்பல், ஒரே கடிதம். இரண்டு குடும்பத்தையும் ஒரே தாளில் எழுதுவதுதான் வழக்கம். நான் பெரியதாழைக்காரியை மட்டும் எழுதினேன். கையெழுத்து வாங்கி அனுப்பினேன். மற்றதை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன்.

அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று நன்றாக நினைவிருக்கிறது. நான் பதினாறு வருஷம் காத்திருக்கிறேன், இவள் இரண்டு நாள் காத்திருக்கட்டுமே. அவ்வளவுதான். அவள் அவனைப் பார்க்கவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. உடனே கிடைத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். கேட்டதும் சேலை, கேட்டதும் கப்பல், கேட்டதும் பாஸ் என்று ஒருத்திக்கு எல்லாம் அமைந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

கணக்கும் போட்டுத்தான் வைத்தேன். அது உரக் கப்பல். பாதிச் சரக்கை இங்கே இறக்கிவிட்டு மீதியோடு வேறு ஊருக்குப் போக வேண்டியது. மழை இல்லாவிட்டால் வியாழனுக்குள் முடிந்துவிடும். ஆனால் மழை பெய்தால் உரக் கப்பலில் வேலை நடக்காது, சரக்கறை மூடியைச் சாத்திவிடுவார்கள். அந்த வாரம் செவ்வாய் முதல் மூன்று நாள் கனமழை என்று டிவியில் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மாதம். முன்பு ஒரு மழையில் ஊர் முழுக்க வெள்ளத்தில் மிதந்த பிறகு அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தாலே நாங்கள் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிடுகிறோம். கப்பல் சனிக்கிழமை வரை அசையாது, புதனன்று கடிதம் கொடுத்தால் வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிடுவாள் என்பது என் கணக்கு. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள், மழை வரும் என்று நம்பி ஒரு காரியம் செய்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மேகம் கூடியது, காற்று அடித்தது, ஒரு சொட்டு விழவில்லை. அலுவலக ஜன்னலைத் திறந்து திறந்து பார்த்தேன். புதன்கிழமை காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. இழுப்பறையைத் திறந்து அவள் காகிதங்களை எடுத்துக் கடிதம் எழுதி, நானே ஆட்டோவில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பாஸ் வெள்ளிக்கிழமைதான் வரும் என்றார்கள். அதே புதன்கிழமை மத்தியானம் பெரியதாழைக்காரி தன் பாஸை வாங்கிக்கொண்டு கப்பலில் ஏறினாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“பாஸ் வந்துட்டா மதினி?”

“இல்லைளா. இந்தக் கப்பலுக்கு இன்னும் ஒருத்தருக்கும் வரல. வெள்ளிக்கெழம வந்துரும்.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி மதினி” என்றாள். பிள்ளை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கப்பலுக்குப் போய்வருகிற எங்கள் அலுவலகப் பையன் போன் செய்தான். விடியும்போதே சரக்கு முடிந்துவிட்டது, கப்பலை வெளியே எடுத்துவிடும் துறைமுகப் பைலட் பதினொரு மணிக்கு ஏறுகிறார், கப்பல் கிளம்புகிறது என்றான். நான் பாஸ் கொடுக்கிற இடத்துக்கு ஓடினேன். நாளைக்குத் தேதி போட்டுக் கேட்டிருக்கிறீர்கள், இன்றைக்கு எப்படிக் கொடுப்பது என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “எங்கன நின்னா கப்பல் தெரியும் மதினி?” என்று மட்டும் கேட்டாள்.

துறைமுகத்தை ஒட்டிய கடற்கரைக்கு வரச் சொன்னேன். ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மாம்பழ நிறச் சேலை, கருப்பு ஜாக்கெட், அவசரத்தில் மடிப்பு சரியாக விழவில்லை. பிள்ளைக்கு வெள்ளைக் கவுன், தலையில் ஒரு ரிப்பன். தூக்கில் நண்டுக் குழம்பு வேறு. வெள்ளிக்கிழமைக்கு வைக்க வேண்டியதை முதல் நாளே வைத்துவிட்டாளா, இல்லை தினமும் வைத்துக்கொண்டிருந்தாளா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டிக் கப்பல் மெதுவாக வெளியே வந்தது. அப்போது அவள் போன் அடித்தது.

“பின்னாடி நிக்கேன், ஆரஞ்சு உடுப்பு. தெரியுதா? தெரியுதா?” என்று அவன் கத்தினான். காற்றுச் சத்தம்.

கப்பலின் பின்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில் நான்கைந்து புள்ளிகள் தெரிந்தன. எல்லாருக்கும் அதே உடுப்புதான். அவள் பிள்ளையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். போனை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“தெரியுது, நல்லாத் தெரியுது” என்றாள். “பிள்ள தெரியுதா?”

“தெரியுது, தங்கம். மஞ்சச் சேலையும் தெரியுது.”

இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிஷத்தில் சிக்னல் போய்விட்டது. அவள் பிள்ளையை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் மற்றதை எழுதி என்ன பயன். குற்ற உணர்ச்சி இருந்தது, நெஞ்சு நிறைய இருந்தது. அதற்கு அடியில் பழைய பொறாமையும் அப்படியே இருந்தது. இவளுக்குக் கப்பலாவது தெரிந்தது. அதில் தன் ஆள் நிற்கிறான் என்று கை காட்ட ஒரு கப்பல். எனக்கு அதுவும் வாய்க்கவில்லையே என்று நினைத்தேன்.

மறுநாள் சேலையைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஓரத்தில் மண் இல்லை, கறை இல்லை. வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அவனுக்கு மாற்று ஆள் கிடைக்காமல் தள்ளித் தள்ளிப் போய், ஐந்து மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தான். ஐந்து மாதப் பிள்ளை யார் கையை நீட்டினாலும் சிரித்துக்கொண்டு போகும். பத்து மாதப் பிள்ளை அப்படி இல்லை. காம்பவுண்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவன் கையை நீட்டியதும் அது வீல் என்று அலறியது. தாய் இடுப்பிலிருந்து துள்ளி, பக்கத்தில் நின்ற என் மேல் தாவி, என் கழுத்தில் முகத்தை மறைத்துக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு உள்ளே போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதற்குமேல் எனக்கு வேறு தண்டனை வேண்டியதில்லை. அவன் லீவு மூன்று மாதம். அதில் ஒரு மாதம் முழுக்க அந்தப் பிள்ளை அவனிடம் போகவில்லை. கையில் பொம்மையை வைத்துக்கொண்டு முற்றத்தில் அவன் குந்தியிருப்பதை என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். ஜன்னலைச் சாத்தவும் மனம் வராது, பார்க்கவும் முடியாது. அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஞாயிறு பூசைக்குப் போகும்போதெல்லாம் நினைப்பேன். பூசை முடிந்து வரும்போது இன்னொரு ஞாயிறுக்குத் தள்ளிவைத்திருப்பேன்.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்ட இந்த வருஷம், மாசி மாதத்தில் என்னவர் போன் போட்டார். வழக்கம்போல, “இங்க மழை” என்று ஆரம்பித்தார். பிறகு, “நிலக்கரி ஏத்திட்டு தூத்துக்குடிக்கு வாரோம்” என்றார். ஆனால் அந்தக் கப்பலுக்கு ஏஜென்ட் எங்கள் அலுவலகம் இல்லை, வேறு கம்பெனி. நான் கையெழுத்துப் போட்ட காகிதங்களை அங்கே நேரில் கொடுக்க வேண்டும். கப்பல் வருகிற அன்று எங்கள் அலுவலகத்தில் இரண்டு கப்பல் வேலை, வெளியே தலை காட்ட முடியாது.

“குடுங்க மதினி, பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு அந்த வழியாத்தான் வாரேன். நான் குடுத்துருதேன்” என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

கொடுத்தேன். கொடுத்துவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்தேன், ஆனால் மனம் உட்காரவில்லை. பதினொரு மணிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஒரு மணிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. அவள் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் என் காகிதம் கிடப்பதாகவே நினைத்தேன். அவளைச் சந்தேகப்பட எந்த முகாந்திரமும் இல்லை. நான் செய்ததை அவளும் செய்வாள் என்று நான் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தேன். நிலக்கரிக் கப்பலுக்கு வானத்தால் ஆவதும் இல்லை, போவதும் இல்லை. இருந்தும் பார்த்தேன்.

சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் அலுவலகத்துக்கே வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. கையில் பாஸ் இருந்தது. எனக்கும் என் மகளுக்கும், மறுநாள் தேதி போட்டு.

“குடுத்துட்டு வந்துருந்தா மறுநாள்னு இழுப்பாவ. அங்கனயே உக்காந்துட்டேன். பிள்ளைய எங்க அம்மாவப் போய்க் கூட்டிக்கிடச் சொல்லிட்டேன். போன்ல சார்ஜ் போயிட்டு மதினி. கப்பல் எப்பக் கெளம்பும்னு யாருக்குத் தெரியும்?”

மறுநாள் அந்த மாம்பழ நிறச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். துறைமுக வாசலில் ஹெல்மெட்டைக் கொடுத்தார்கள், பூவுக்கு மேலே கவிழ்த்துக்கொண்டேன். ஏணி ஆடியது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மேலே அவர் கரி படிந்த கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார். மூன்று மணி நேரம் இருந்தோம். கப்பல் குசினிச் சோறு சாப்பிட்டோம். மகள் அவர் கட்டிலில் உட்கார்ந்து அத்தனை படமும் எடுத்துக்கொண்டாள். நான் நினைத்து வைத்திருந்ததைவிட எல்லாம் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றவில்லை, அவள் பிள்ளையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். கண் எல்லாம் சிரிப்பு.

“உள்ளுக்க எப்பிடி இருக்கும் மதினி? நான் பாத்ததே இல்லையே.”

நான் ஏணியைச் சொன்னேன், என்ஜின் சத்தத்தைச் சொன்னேன், அவர் கட்டிலைச் சொன்னேன்.

“லிஃப்ட்டுகூட இருக்குமாம்லா?” என்றாள். “அந்தப் பெரியதாழை அக்கா சொன்னாவ. எங்க கப்பல் வந்தப்ப அவிய புதன்கெழம மத்தியானம் ஏறிப் பாத்துட்டு, எறங்குன ஒடனே எனக்குப் போன் போட்டாவ. ‘நீ ஏன்ளா வரல?’ன்னு கேட்டாவ.”

புதன்கிழமை மத்தியானம். அன்று சாயங்காலம்தான் இவள் என் முன்னால் வந்து நின்று, பாஸ் வந்ததா என்று கேட்டாள். ஒருத்தருக்கும் வரவில்லை என்று நான் சொன்னேன். சரி மதினி என்றாள். மறுநாள் கடற்கரையில் என் தோளில்தான் சாய்ந்து அழுதாள்.

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், காலில்கூட விழுந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள். அப்போதும் எனக்கு வந்தது பொறாமைதான். இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு என்னிடம் பிள்ளையைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தாளே, அந்த மனசு எனக்கு ஏன் இல்லை?

“லிஃப்ட் இருந்துச்சுளா” என்றேன். “அடுத்த தடவ ஒம் மாப்பிள்ள கப்பல் வந்தா...” என்று இழுத்தேன்.

“வரட்டும், பாப்போம்” என்று எழுந்தாள். அவன் கப்பல் இன்றுவரை மறுபடி தூத்துக்குடிக்கு வரவில்லை. பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள்.